மணல் மூட்டை

கணவரின் ஷூவை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் வந்தாள். ஒல்லி விடவில்லை. அவரோடு வாராவாரம் இங்கே சுவரேறியவன். அவனுக்கு அந்தப் பெயரை வைத்தது அவர். அவருக்கு யானை என்று வைத்தது அவன்.

"ஒரே ஒரு தடவ ஏறிப் பாருங்க அண்ணி. ஞாயித்துக்கிழமையானா யானை உங்கள விட்டுட்டு இங்க என்னதான் பண்ணான்னு தெரிய வேண்டாமா?" என்று இடுப்பு வாரை நீட்டினான்.

சுவரேறும் விளையாட்டுக்காக மாற்றிய பழைய கிடங்கு அது. கூரைவரை எழும்பிய பலகைச் சுவர்களில் சிவப்பும் பச்சையுமாகப் பிடிகளைத் திருகி வைத்திருந்தார்கள். மேலே ஒருவன் திணறிக்கொண்டிருந்தான். "இடது கால்! அது சும்மாதானே இருக்கு, தூக்கு!" என்று முன்பின் தெரியாதவர்கள்கூடக் கீழேயிருந்து கத்தினார்கள். அவன் பிடி நழுவி விழுந்தான். யாரும் பதறவில்லை. கயிற்றில் ஊஞ்சலாடியபடி அவனே சிரித்தான். விழுவது இங்கே இவ்வளவு சாதாரணமா என்று அவள் அந்தக் கயிற்றையே பார்த்தாள்.

அவள் கண்முன்னால் அவர் விழுந்தது வேறு மாதிரி. குளியலறை வாசலில் "ஏய்" என்று மட்டும் சொன்னார். இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். ஈர உடம்பு நழுவிக்கொண்டே போனது. விழுவதற்கு முன்பே இதயம் நின்றுவிட்டது, பிடித்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். அது அவள் காதில் ஏறியது, கையில் ஏறவில்லை. வேலை பார்க்கும் மருந்துக்கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போதுகூட, பிடிக்கத் தெரியாத கை என்று தன் கையையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒல்லி அவள் வாரை இழுத்துப் பார்த்தான், முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். தன்னுடையதையும் அவளை இழுத்துப் பார்க்கச் சொன்னான். "ஏறுறதுக்கு முன்னாடி ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கணும். இங்க அதான் சட்டம்." பேச்சோடு பேச்சாகக் குனிந்து, தரையில் கிடந்த மணல் மூட்டையின் கொக்கியைத் தன் இடுப்பில் மாட்டினான்.

"அது எதுக்கு?"

குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஐயோ, கை பாட்டுக்கு மாட்டிடுச்சு அண்ணி. இது யானைக்கு. கயித்துக்கு ஒரு முனை அவன், மறுமுனை நான். அவன் மேல தொங்கினா நான் கீழ நிக்க முடியாது. மொத நாளே என்னைப் பாதிச் சுவருக்குத் தூக்கிட்டான். ஊரே சிரிச்சுது. அதுக்கப்புறம் மூட்டை இல்லாம அவனைப் பிடிச்சதே இல்ல."

"ஒரு தடவகூடவா?"

"விளையாடுறீங்களா? கயிறு, கொக்கி, மூட்டை எல்லாம் சேந்துதான் அவனைப் பிடிச்சுது. வெறுங்கையால யாரு அண்ணி பிடிக்க முடியும் அந்த ஆள?"

போகிற போக்கில் சொன்னதுதான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், கண்ணில் நீராகக் கொட்டிவிட்டது.

"கண்ணுல பொடி பட்டுடுச்சா?"

"ஆமா" என்றாள். பிடி வழுக்காமலிருக்கக் கையில் பூசிய வெள்ளைப் பொடியை இன்னும் கொஞ்சம் பூசிக்கொண்டாள்.

பாதிச் சுவர் தாண்டியதும் முன்கை கல்லாக இறுகியது. மேலே போகவும் முடியவில்லை, சிவப்புப் பிடியை விடவும் மனம் வரவில்லை.

"விட்டுடுங்க அண்ணி! நான் பிடிச்சிருக்கேன்."

கீழே பார்த்தாள். ஒல்லி அண்ணாந்து நின்றான். மூட்டை யார் இடுப்பிலும் மாட்டாமல் சுவரோரம் சாய்ந்து கிடந்தது.

ஒவ்வொரு விரலாக எடுத்தாள். உடம்பு சட்டென்று இறங்கி, கயிற்றில் நின்றது. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. சிவப்புப் பிடியில் பதிந்திருந்த வெள்ளை விரல் தடங்கள், அவளை விட்டு மேலே மேலே போய்க்கொண்டிருந்தன.