இருவர் ஓடம்

வலது காலுறை ஏற மறுத்தது. ஹில்டா கணவனின் குதிகாலைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு, துணியைச் சிறிது சிறிதாகச் சுருட்டி மேலே இழுத்தாள். உயிரோடிருந்த நாட்களில் இந்தக் கால் கிறிஸ்துமஸ் பூசைக்குக்கூடக் காலுறை கண்டதில்லை. ஆனால் கோட்டும் காலுறையுமாகத்தான் தம்பியைப் பெட்டியில் வைக்கவேண்டும் என்பது ஸ்டானிஸ்லாஸின் அக்காள் சிலுவையம்மாளின் கட்டளை. அந்த அம்மாளின் கட்டளைக்கு இராயபுரத்தில் அந்தச் சந்து முழுவதும் அடங்கும்.

கால்சட்டையைச் சரிசெய்யக் குனிந்த சிலுவையம்மாள், தம்பியின் முழங்கால்களைக் கண்டு விம்மினாள். இரண்டு முட்டிகளிலும் செருப்புத்தோல் போலக் கறுத்துத் தடித்த காய்ப்பு.

"பாத்தியாடி ஹில்டா, இன்னாமா காச்சிப்போயி கீது! முட்டி போட்டு முட்டி போட்டு ஜெபம் பண்ண காலுடி. நம்ம கண்ணுக்குத் தெரியாமயே சாமியாரா வாய்ந்துட்டு பூட்டான் எந்தம்பி."

ஹில்டா காலுறையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். கோயிலில் கடைசித் தூணில் சாய்ந்தபடியே எல்லாரும் முட்டிபோடும் நற்கருணை நேரத்தையும் கழித்துவிடுகிற மனிதர் அவர். அந்த முட்டி காய்த்தது கர்த்தரின் முன்னால் அல்ல. ஓடத்தில் காய்த்தது.

ஸ்டானிஸ்லாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். முன்னொரு காலம் ஏதோ ஒரு கப்பல்காரன் உடைசல் என்று கழித்துப் போட்டுவிட்டுப் போன ஓடம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. நம் ஊர்த் தோணியைப் போலக் கழி ஊன்றிப் போவதன்று அது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், முட்டிபோட்டு உட்கார்ந்து ஆளுக்கொரு துடுப்பால் வலிக்கவேண்டும். அதைப் பழுதுபார்த்து, எண்ணூரில் தோழன் பொன்னுரங்கத்தின் குடிசைக்குப் பின்னால் ஓலைக்கூரையின் கீழ்க் கவிழ்த்து வைத்தார். பொங்கல் கழிந்தால் போதும். கிரேனுக்கு விடுப்பு, மனைவிக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். தோழர்கள் இருவரும் எண்ணூர்க் கழிமுகத்தில் ஓடத்தை இறக்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாக வடக்கே விறகுப் படகுகளையும் உப்புப் படகுகளையும் கடந்து, பழவேற்காடு ஏரிக்குள் புகுந்து, ஆந்திரக்கரை வரைக்கும் போய் வருவார்கள். இருட்டிய இடத்தில் சவுக்கந்தோப்பிலோ மணல்திட்டிலோ தார்ப்பாயைக் கட்டித் தூங்குவார்கள். திரும்பி வரும்போது அவர் உடம்பில் உப்புப் பூத்திருக்கும். முகத்தில் வேறொன்று பூத்திருக்கும். அதற்கு ஹில்டாவிடம் பெயர் இல்லை. வீட்டில் அந்த முகத்தை அவள் கண்டதில்லை.

படகு கட்டும் முளைக்கம்பு ஒன்றுக்கு ஆற்றின்மேல் பொறாமை வந்ததாம். "நாள் முழுவதும் கயிற்றை இறுகப் பிடித்து நிற்பவன் நான், இந்தப் படகோ உன் மடியில் அல்லவா ஆடுகிறது!" என்று குறைப்பட்டதாம். "அப்படியானால் அவிழ்த்துவிட்டு நீயும் கூட வாயேன்" என்றதாம் ஆறு. கம்புக்குப் பிடிக்கத் தெரியுமே தவிர அவிழ்க்கத் தெரியாது. இன்றைக்கும் அது கரையில் நின்றபடி ஆற்றையே முறைத்துக்கொண்டிருக்கிறது.

ஹில்டா ஒரே ஒரு முறை அவிழ்த்துப் பார்த்தாள். கல்யாணமான புதிது. "நானும் வரட்டா?" என்று கேட்டாள். அவர் தார்ப்பாயை மடித்துக்கொண்டே, நிமிர்ந்தும் பாராமல், "ரெண்டு பேருக்குத்தான் எடம் கீது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஓடத்தின் அளவைத்தான் சொன்னார். ஆனால் பிள்ளையில்லாத அந்த வீட்டில் அந்தச் சொல் வளர்ந்து ஆளாயிற்று. அதன்பிறகு அவர் ஏரியிலிருந்து கொண்டுவந்த நண்டையும் மடவைக் கருவாட்டையும் அவள் வாசலோடு வாங்கி அப்படியே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுவாள். "ஒனக்கு வெச்சிக்கலியா?" என்பார் அவர். "எனக்கு ஆவாது" என்பாள். சந்து முழுவதும் ஸ்டானிஸ்லாஸ் கொண்டுவந்த நண்டை மெச்சிக்கொண்டு சாப்பிடும். அவள் ரசம் வைத்துக் குடிப்பாள்.

பொறாமைக்கு ஓர் இருக்கை போதாது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தானாகப் பேசுவதே அபூர்வமானவர், "பழவேற்காட்டுல மார்த்தா வூட்டுத் தண்ணி கீதே, தேனு!" என்றார். யார் அந்த மார்த்தா என்று அவள் கேட்கவில்லை. அன்று முதல் இராயபுரத்துக் குழாய்த் தண்ணீரை அவருக்கு மொண்டு கொடுக்கும்போதெல்லாம், அது தொண்டையில் இறங்கி முடியும்வரை ஹில்டா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவையே. நேற்று மாலை அது நடக்காமல் இருந்திருந்தால்.

பக்கவாதம் வலது பக்கத்தை முழுதாக எடுத்துக்கொண்டிருந்தது. வாய் கோணியதிலிருந்து ஒரு சொல் பேசவில்லை. வைத்தியர் இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். மதியத்திலிருந்து மின்சாரம் இல்லை. கட்டிலின் தலைமாட்டில், அவர் கண்ணுக்குப் படாமல் பின்னால், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஹில்டா பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். பொழுது சாயச் சாய அவள் கை தளர்ந்து, விசிறியின் விளிம்பு கட்டில் கம்பியில் டக் டக்கென்று தட்டத் தொடங்கியது. அப்போதுதான் அவர் வாய் திறந்தது.

"மா...த்த... மா...த்த..."

கால்மாட்டில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த சிலுவையம்மாள் எழுந்தே விட்டாள். "மாதாவைக் கூப்புடறான்! தேவமாதாவே, எந்தம்பிக்குக் காட்சி குடுத்துட்டியே!" பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

ஹில்டாவின் காதில் விழுந்தது மாதாவின் பெயர் அன்று. இத்தனை காலம் சோறாக்கிப் போட்டவளின் பெயர் அந்த வாயில் கடைசியாக வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள் போலும், வந்தது மார்த்தா. அவள் விசிறியைத் தரையில் வைத்தாள். எழுந்து வாசற்படிக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு முறை அந்தக் குரல் கேட்டது. அவள் திரும்பவில்லை. சிலுவையம்மாளின் அலறல்தான் அவளைத் திரும்ப வைத்தது.

அதன்பிறகு விசிறியை அவள் தொடவில்லை. ஈ ஓட்டுவதற்கு அதை எடுத்துக்கொண்டவள் சிலுவையம்மாள்.

எண்ணூருக்குக் காலையில்தான் சேதி போயிற்று. பொன்னுரங்கம் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுது. அனல் மின்நிலையத்துக்குப் புகைபோக்கி எழும்பிக்கொண்டிருந்த காலம் அது; அவனுக்கு அங்கே சிமென்டு சுமக்கிற வேலை. தலைமுடியெல்லாம் சாம்பல் நிறமாக, அப்படியே வந்திருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றினான். உள்ளே வந்தான். பெட்டியின் கால்மாட்டில் நின்றவன், அழுவதற்குப் பதிலாக ஸ்டானிஸ்லாஸின் முகத்தை உற்று உற்றுப் பார்த்தான். ஆள் மாறிவிட்டதோ என்று ஐயப்படுகிறவன் பார்ப்பதுபோல.

பிறகு சுவரோரம் குந்தி, முட்டிகளுக்கிடையே தலையைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான்.

"தே, பொன்னுரங்கம்! பொம்பள மாதிரி அழுவாதடா" என்று அதட்டினார் ஸ்டானிஸ்லாஸோடு கிரேன் ஓட்டிய எத்திராஜ். "பொஞ்சாதியே கல்லு மாதிரி குந்திக்கினு கீது."

அந்தப் பேச்சு ஹில்டாவைச் சுட்டது. என் வீட்டுச் சாவுக்கு என்னைவிட அழ இவன் யார்? துக்கத்திலும் முன்வரிசை இவனுக்கா? ஆனாலும் அவளுக்கு அவனிடம் ஒரு காரியம் இருந்தது. இரவெல்லாம் அதற்காகத்தான் காத்திருந்தாள். சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள்.

"இந்தா, குடி."

அவன் அண்ணாந்து குடித்தான்.

"எங்க வூட்டுத் தண்ணி உப்புக் கரிக்கும். ஒங்களுக்குத் தேனு மாதிரி குடுக்க ஒருத்தி இருந்தாளே பழவேற்காட்டுல, மார்த்தா. அவளுக்குச் சொல்லி அனுப்பலியா?"

பொன்னுரங்கம் புறங்கையால் வாயைத் துடைத்தான். "அது எப்பவோ பூட்சு அண்ணி. புயல் வந்துச்சே, அந்த வருசம். வூடும் போச்சு, அதுவும் போச்சு. அண்ணாத்த அங்க போயி, அது வூடு இருந்த மணலாண்ட கொஞ்ச நேரம் நின்னாரு."

"நின்னாரா?"

"ஆமா. நல்ல மனுசி."

ஹில்டா சொம்பை வாங்கிக்கொண்டாள். உயிரோடிருப்பவளாயிருந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்கலாம். செத்தவளோடு எந்தத் தெருவில் நின்று சண்டை போடுவது? மார்த்தா முன்னால் போய் மறு உலகில் இடம் பிடித்துக்கொண்டாள், அவரையும் கூப்பிட்டுக்கொண்டாள். அங்கேயும் ரெண்டு பேருக்குத்தான் இடம் போலிருக்கிறது.

கோயில் பூசை முடிந்து, காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தை நோக்கிப் பெட்டி தோளில் ஏறியது. முன்னால் இருவர், பின்னால் இருவர். முன்பக்கத்தில் எத்திராஜ், பின்பக்கத்தில் பொன்னுரங்கம். சிலுவையம்மாளின் தோளைப் பற்றிக்கொண்டு ஹில்டா பின்னால் நடந்தாள். ஓடத்தைப் போலவே இங்கும் அவனே பின்னிருக்கை பிடித்துவிட்டதை அவள் கவனிக்காமல் இல்லை.

கடற்காற்றில் மீன் காயும் வாடை வந்தது. வெயில் இறங்கவில்லை. பாதி வழியில் எத்திராஜின் நடை சற்றே பிசகியது. பின்னாலிருந்து வந்தது பொன்னுரங்கத்தின் குரல். ஒரு சொல்தான். நீரின்மேல் தூரத்துக்குப் போய்ச் சேரவேண்டிய சொல்லைப்போல முதலெழுத்தை நீட்டி, கடைசி எழுத்தை விழுங்கி:

"மா...த்து!"

சுமந்தவர்கள் நால்வரும் ஒரே கணத்தில் தோள் மாற்றினார்கள். பெட்டி ஆடாமல் நகர்ந்தது.

ஹில்டா நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவள்மேல் முட்டிக்கொண்டார்கள். "இன்னாடி, மயக்கமா?" என்றாள் சிலுவையம்மாள். ஹில்டா தலையசைத்துவிட்டு மறுபடி நடந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை மரப்பலகைமேல் இறக்கி, கடைசியாக முகம் பார்க்க மூடியைத் திறந்தார்கள். சாமியார் வந்துசேரச் சற்று நேரம் இருந்தது. வேப்பமரத்தடியில் தோளைத் தேய்த்துக்கொண்டு நின்ற பொன்னுரங்கத்திடம் ஹில்டா போனாள்.

"வழியில இன்னா கூவுன நீ?"

அவன் திகைத்தான். "தப்பா அண்ணி? வாய்ல வந்துட்சு. எத்திராஜ் அண்ணனுக்குத் தோளு ஓஞ்சு போச்சு, அதான்..."

"அந்த மாதிரி இழுத்துக் கூவ யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"அது ஓடத்துல கூவறது அண்ணி. ஒரு பக்கமே வலிச்சினு இருந்தா கை செத்துப்பூடும். மாத்துன்னா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல துடுப்பை அந்தப் பக்கம் போடணும். ஒருத்தன் மறந்தாலும் ஓடம் சாஞ்சிடும். அண்ணாத்ததான் கூவும்."

"கை வலிச்சிதுன்னா கூவுவாரா?"

"அவருக்கா?" பொன்னுரங்கம் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டான். "அவுரு கை இன்னா கையி, கிரேனு! எனக்கு ஓஞ்சிதுன்னாதான் கூவுவாரு. அவுரு முன்னால, நான் பின்னால. திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. இத்தினி வருசத்துல நான் பாத்ததெல்லாம் அவுரு முதுவுதான் அண்ணி. மூஞ்சியே இன்னிக்கித்தான் நல்லாப் பாத்தேன். 'முதுவுல கண்ணு கீதா அண்ணாத்த, எனக்குக் கை ஓஞ்சது ஒனக்கு எப்படித் தெரியுது'ன்னு கேட்டா, 'பின்னால சத்தம் மாறுதுடா, கேக்குது'ம்பாரு."

ஹில்டா தன் வலக்கையைப் பார்த்தாள். நேற்றைய விசிறிக் காம்பு பட்டுக் கட்டைவிரலடியில் எழும்பிய கொப்புளம் இன்னும் உடையவில்லை.

"இன்னா அண்ணி?"

"நீ போயி மூஞ்சி கழுவிக்கினு வா. அங்க தண்ணி கீது."

அவள் பெட்டியருகே போனாள். ஈக்கள் மொய்க்கத் தொடங்கியிருந்தன. சிலுவையம்மாள் விசிறிக்கொண்டே, "கடைசி மூச்சுல மாதா பேரு. யாருக்குக் கெடைக்கும்?" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அத்தக் குடு."

"நேத்துலேந்து தொட மாட்டேன்னியேடி?"

"குடு."

விசிறியை வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்க்கத் தோதான பக்கம் நிற்காமல், சுற்றிக்கொண்டு தலைமாட்டுக்குப் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் நரைத்த தலைமுடியும் கோட்டின் தோளும் மட்டுமே தெரிந்தன. விசிறத் தொடங்கினாள். சாமியார் வந்தார், ஜெபம் தொடங்கிற்று. பழைய ஜெபம், நீளமான ஜெபம். கூட்டம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஹில்டாவின் கை சோர்ந்து, விசிறியின் விளிம்பு பெட்டியின் மரத்தில் டக் என்று ஒருமுறை தட்டியது. மறுபடி ஒருமுறை தட்டியது.

அவள் விசிறியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.