தேடல் பக்கத்தில் பூஜ்யம்

காலையிலிருந்து நாற்பது தடவையாவது அந்தப் பெயரை அடித்திருப்பாள். இருபத்தாறு எழுத்து, நடுவில் நான்கு அடிக்கோடு. என்டரைத் தட்டியதும் தேடல் பக்கம் இரண்டு விநாடி யோசிக்கும், பிறகு அதே பதிலைச் சொல்லும்: அழைக்கும் இடங்கள், பூஜ்யம். பழைய பதிப்பில் தேடினாள். அதற்கும் முந்தையதில் தேடினாள். பூஜ்யம்தான்.

மேஜையில் ஒரு டிக்கெட் மெஷின் செத்துக் கிடந்தது. பஸ் கண்டக்டர்கள் கையில் வைத்திருக்கும் ரகம். ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும், பொத்தானைத் தொட்டால் எழுந்துகொள்ளும். போன வாரம் புது மென்பொருள் ஏற்றிய பிறகு தூங்கினது தூங்கினதுதான். ஊர் முழுக்கக் கண்டக்டர்கள் பயணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மெஷினுக்கு அடியில் ஓடும் கெர்னல் என்னும் அடிப்படை மென்பொருள் பல லட்சம் வரி. யார் யாரோ எழுதிவிட்டுப் போனது. அதில் வேறெந்த வரியும் அழைக்காமல் சும்மா கிடக்கும் ஃபங்ஷன்களை, பெயர் வைத்த சின்னச் சின்ன நிரல் துண்டுகளை, களையெடுப்பதுதான் அவளைப் போன்ற காண்ட்ராக்ட் ஆட்களின் வேலை. வாரம் முப்பது பெயர் பட்டியலில் வரும். ஒவ்வொன்றையும் தேடல் பக்கத்தில் போட்டுப் பார்த்து, பூஜ்யம் வந்தால் படிவத்தில் பூஜ்யம் என்று எழுதிவிட்டு அழிக்க வேண்டும். பட்டியலில் உள்ள பெயர் இருக்கும் ஃபைல் மட்டும்தான் அவர்களுக்குத் திறக்கும். மற்றதெல்லாம் அந்தப் பக்கம் என்ன காட்டுகிறதோ அதுதான். சாவித்துவாரம் வழியாக வீட்டைப் பெருக்கச் சொன்ன மாதிரி.

மூன்று வாரத்துக்கு முன் அவள் அழித்த முப்பதில் ஒன்றுதான் இந்த இருபத்தாறு எழுத்து. அது இல்லாத பதிப்பு ஏறியதிலிருந்துதான் மெஷின் படுத்துவிட்டது என்று சோதனைப் பிரிவில் கண்டுபிடித்திருந்தார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. யார் அழித்தது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"நாலு மணிக்கு மேனேஜர் வர்றார்" என்றார் டீம் லீட். குரலை உயர்த்தியே பேசாத மனிதர். "அதை யார் கூப்பிடறாங்கன்னு அதுக்குள்ள பார்த்துடுங்க. வெள்ளிக்கிழமை உங்க காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற பேப்பர் என்கிட்ட வருது. நல்லபடியா கையெழுத்துப் போடணும்னு எனக்கும் ஆசைதான்."

பதினோரு மணிக்குப் புருஷன் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். சிறுநீரகம் போன பிறகு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் கட்டில்தான் அவனுக்கு வண்டி.

"மாட்டியாச்சும்மா, ஓடிட்டிருக்கு. நீ சாப்ட்டியா?"

"மணி என்ன ஆச்சு, அதுக்குள்ள சாப்பாடா? வலிக்குதா?"

"அதெல்லாம் இல்ல. உன் கம்பெனி இன்சூரன்ஸ் கார்டு இந்த மாசத்தோட முடியுதாம். புதுசு கொண்டு வந்தாத்தான் அடுத்த மாசத்துக்குக் கட்டில் எழுதுவாங்களாம்."

"கொண்டு வரேன்."

"அவசரமில்ல" என்றான் அவன். எவ்வளவு அவசரம் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, தாடி என்று ஆபீஸே கூப்பிடும் பையன் வந்து நின்றான். பக்கத்து வரிசையில் உட்காரும் நிரந்தர ஊழியன், அவளைவிட எட்டு வயது சின்னவன்.

"அக்கா, அந்தப் பக்கத்துல எத்தனை தடவை தேடினாலும் அதேதான் வரும். மொத்தக் கெர்னலும் என் கம்ப்யூட்டர்ல இருக்கு. வந்து உக்காருங்க, நான் கதவுகிட்ட நிக்கறேன்."

"தெரிஞ்சா உன்னைத் தூக்கிடுவாங்கப்பா."

"அதான் கதவுகிட்ட நிக்கறேன்னேன்."

அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். எந்த வகை ஃபைலையும் விடாதே என்று சொல்லி மொத்தத்தையும் சல்லடை போட்டுத் தேடினாள். அரை நிமிடத்தில் ஒரே ஒரு வரி வந்து விழுந்தது. அது சாதாரண ஃபைல் இல்லை. மெஷின் கண் விழிக்கும் முதல் நொடியில் ஓடுவது, சிப்பின் சொந்த பாஷையான அசெம்பிளியில் எழுதியது. இந்தப் பெயர் இருந்தால் அழை, இல்லாவிட்டால் பேசாமல் தாண்டிப் போ என்று எழுதி வைத்திருந்தார்கள். அதனால்தான் அழித்தபோது எங்கேயும் ஒரு முனகல்கூட வரவில்லை.

தேடல் பக்கம் அசெம்பிளி ஃபைல்களை எட்டியே பார்ப்பதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் பக்கம் வேகமாக ஓட வேண்டும் என்று அந்த வகையையே விட்டுவிட்டவர் லீட். அந்த வேகத்துக்காக அவருக்குக் கேடயம்கூடக் கொடுத்தார்கள். அவளுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தப்பு அவளுடையது இல்லை.

"என் பேரை மட்டும் இழுத்துடாதீங்க அக்கா" என்றான் தாடி. "போன மாசம்தான் பாப்பா பொறந்திருக்கு."

"உன் பேரை எதுக்குப்பா இழுக்கப்போறேன்?"

இரண்டரை மணிக்கு லீட் அறைக்குப் போய்ச் சொன்னாள். மீட்டிங்கில் பத்துப் பேர் முன்னால் போட்டு உடைத்தால் மனுஷன் சங்கடப்படுவார் என்று தோன்றியது. மேலே இருப்பவருக்குச் சங்கடம் பார்க்கக்கூடாது என்பது ஒன்றுதான் இத்தனை வருஷ வேலையில் அவள் படிக்காத பாடம்.

லீட் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "அசெம்பிளி ஃபைல்லயா? அட. எப்படித் தோணுச்சு?"

"எழுப்பற வேலை அங்கதானே சார் நடக்கும். யோசிச்சுப் பார்த்தேன்."

"நல்ல வேளை முதல்ல என்கிட்ட சொன்னீங்க. மீட்டிங்ல நானே எடுத்துச் சொல்றேன். நீங்க போய் முதல்ல சாப்பிடுங்க."

ஆறிப்போன டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். காலையிலிருந்து முதல் தடவையாகப் பசி தெரிந்தது.

நாலு மணிக்கு மீட்டிங் அறையில் நாற்காலி பற்றவில்லை. அவள் சுவரோரம் நின்றாள். மேனேஜர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார்.

"இதுல பூஜ்யம்னு எழுதினது நீங்கதானே?"

"ஆமா சார். தேடல் பக்கத்துல அப்படித்தான் வந்தது."

"ஒரு தடவை தேடிக் காட்டிடுங்களேன்" என்றார் லீட், அன்பாக. "எல்லாருக்கும் தெளிவாயிடும்."

புராஜெக்டரில் மாட்டியிருந்த லேப்டாப் முன்னால் குனிந்து, பார்க்காமலே இருபத்தாறு எழுத்தையும் அடித்தாள். சுவரில் பக்கம் விரிந்தது. அழைக்கும் இடங்கள், ஒன்று. கீழே அந்த அசெம்பிளி வரி மஞ்சளாக மின்னியது.

மறுபடி அடித்தாள். ஒன்று.

"கண்ணு முன்னாடியே இருக்கே" என்றார் மேனேஜர்.

"காலையில பூஜ்யம் வந்துச்சு சார். இந்தப் பக்கம் அசெம்பிளி ஃபைலைப் பார்க்காது. மத்தியானத்துக்கு மேல மாத்தியிருக்காங்க."

லீட் அவள் பக்கம் திரும்பினார். "இந்தப் பக்கம் காட்டாத ஃபைல் உங்களுக்குத் திறக்காதே. அதுல இந்த வரி இருக்குன்னு பின்ன எங்க பார்த்தீங்க?"

யோசித்துச் சொன்னேன் என்றால் யார் நம்புவார்கள்? பார்த்த இடத்தைச் சொல்லலாம். சொன்னால் கம்பெனியின் சோர்ஸ் கோடை அனுமதி இல்லாமல் திறந்தவள் ஆகிவிடுவாள். மேஜையின் அந்தக் கோடியில் தாடி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

"கவனிக்காம விட்டுட்டேன் சார்" என்றாள்.

"மனுஷங்கதானே, விடுங்க" என்று லீட் சமாதானம் சொன்னார். "வெள்ளிக்கிழமை பேப்பரைக் கையெழுத்துப் போடாம, உங்களை அனுப்பின ஏஜென்சிக்கே நான் திருப்பி அனுப்பிடறேன். அதுக்கு முன்னாடி அந்த ஃபங்ஷனை மட்டும் திரும்பப் போட்டுடுங்க. அதுல உங்களை மாதிரி யாருக்கும் பழக்கமில்ல."

பதினோரு வரி. நின்றபடியே போட்டாள். மென்பொருளைக் கட்டி மெஷினில் ஏற்ற இருபது நிமிடம் ஆனது. மேனேஜர் மெஷினைத் தூங்க வைத்துப் பொத்தானைத் தொட்டார். பச்சை விளக்கு எரிந்தது. அடுத்தவர் வாங்கித் தொட்டார், அப்போதும் எரிந்தது. கைக்குக் கை மாறி மெஷின் மேஜையைச் சுற்றி வந்தது. ஒருத்தர் வெற்று டிக்கெட் ஒன்றை அடித்துக் கிழித்து லீடிடம் நீட்ட, எல்லோரும் சிரித்தார்கள். போகும்போது விளக்கை அணைத்துவிட்டு, புராஜெக்டர் வயரையும் சுருட்டி வைத்துவிடச் சொன்னார்கள். அவள் சுருட்டினாள்.