இறுக்கிய பட்டை

போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் காற்றுக் குழாய்களைக் கவனிப்பது கமலக்கண்ணனின் வேலை. எங்கே 'உஸ்' என்று கேட்டாலும் இறுக்கி நிறுத்திவிட வேண்டும்.

அவனுடைய மாமனார் ராஜப்பன் மத்தூர் விவசாயி. பீடியால் நுரையீரல் கெட்டு, மூச்சுத் திணறி, கிருஷ்ணகிரியில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க் வழியாக மெஷின் காற்றைத் தள்ளியது. "இதைத் தாங்கிட்டா பிழைச்சுக்குவார். தொண்டையில குழாய் போடற நிலை வந்தா மீட்கறது கஷ்டம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓரத்தில் கொஞ்சம் கசிந்தால் தொடவேண்டாம் என்று நர்ஸ் பிரவீனா சொன்னது கமலக்கண்ணனின் மனைவி மேகலாவிடம். அவளைச் சாப்பிட அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்த கமலக்கண்ணனுக்கு அது தெரியாது.

மாஸ்க்கின் ஓரத்தில் 'உஸ்' என்று கேட்டது. மாமாவுக்குப் போகவேண்டிய காற்று வீணாவதா? மாஸ்க்கைத் தலையோடு கட்டியிருந்த பட்டைகளை இரண்டு பக்கமும் இழுத்து இறுக்கினான். சத்தம் நின்றது.

பக்கத்துக் கட்டிலில் கணவனைப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளையம்மா, வார்டில் எல்லாருக்கும் விபூதி பூசுவாள். யாரும் கேட்டதில்லை. அன்று ராஜப்பனுக்குப் பூசிவிட்டுக் கழுத்தைத் தடவியவள் நின்றாள்.

"ஏம்ப்பா, தோலுக்குள்ள நறநறங்குது. மூஞ்சியும் பூரியாட்டம் உப்பிருச்சு!"

"தூக்கமில்லாத வீக்கம்மா அது."

"அப்படின்னா என் மூஞ்சி இந்நேரம் பூசணிக்காயா ஆகியிருக்கணும். சிஸ்டரைக் கூப்பிடுய்யா!"

பிரவீனா தொட்டுப் பார்த்தாள், டாக்டரை அழைத்தாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரல் கிழிந்து, வெளியேறிய காற்று தோலுக்கடியில் பரவியிருந்தது. அபூர்வமாக நடப்பது. நெஞ்சில் சிறிய குழாய் போட்டுக் காற்றை வெளியே விட்டார்கள்.

"பட்டையை யார் இறுக்கினது?" என்றார் டாக்டர். மேகலாவும் அதற்குள் வந்துவிட்டாள். கமலக்கண்ணன் இறுக்கியதை யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"நான்தான் சார். காத்து லீக் ஆச்சு."

"சொன்னது நல்லது. அதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாது. நைஞ்ச நுரையீரல் தானாவும் கிழியும். ஆனா இன்னும் நேரம் போயிருந்தா ஆபத்து."

கடவுள் சில சமயம் ஒரு விரலை மட்டும் அனுப்பி வைக்கிறார். அதுவே போதுமாகிவிடுகிறது.

தொண்டைக்குழாய் தேவைப்படவில்லை. இரண்டாம் நாள், மாஸ்க்கைச் சற்று விலக்கியபோது ராஜப்பன் முனகினார்:

"மாப்ள சாப்பிட்டாரா?"

"அவருக்கென்னப்பா, காத்தக் குடிச்சிக்கிட்டு இருக்கட்டும்" என்றாள் மேகலா. சொல்லிக்கொண்டே டிபன்பாக்ஸைத் திறந்து கணவன் பக்கம் நகர்த்தினாள்.