ஹெர்னியா என்று சொன்னோம்

அன்று காலை அவர் முகத்தில் பாதியை மட்டும் ஷேவ் செய்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார். வலது கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே காய்ந்திருந்தது. “என்னங்க, இந்தப் பக்கம்?” என்றேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “பண்ணிட்டேனே யூனிஸ்” என்றார். பேசும்போது வாய் இடது பக்கமாக இழுத்துக்கொண்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, எழுபதாம் வருஷம், மெட்ராஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் அவருக்கு ஒரு விதையை எடுத்தார்கள். வலியில்லாத வீக்கம். வெட்கப்பட்டுக்கொண்டு ஐந்து மாதம் என்னிடம்கூடச் சொல்லவில்லை, மகானுபாவர். நிணநீர்ப் புற்று என்றார்கள். பிறகு ஒரு மாதம் கோபால்ட் கதிர் வைத்தார்கள். கடைசி நாளில் சர்ஜன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “எடுத்தாச்சும்மா, ஆனா இது திரும்ப வர்ற ஜாதி. இன்னொரு விதைக்கு வரலாம், மூளைக்குக்கூடப் போகலாம். பாதிப் பேருக்கு மேல ரெண்டு வருஷத்துக்குள்ள வந்துடுது. மூணு மாசத்துக்கு ஒரு தரம் கட்டாயம் கூட்டிட்டு வாங்க.”

சேலையூரில் எல்லோரிடமும் ஹெர்னியா என்றுதான் சொன்னோம். வேறு என்ன சொல்வது? அவர் கணக்கு வாத்தியார், சர்ச் கொயரில் பாஸ் என்கிற அடிக்குரல் பாடுகிறவர். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அறுப்பின் பண்டிகையன்று சபை நடுவே எழுந்து நின்று, ஹெர்னியாவிலிருந்து கர்த்தர் பூரண சுகம் தந்தார் என்று சாட்சி சொல்லிவிட்டார். சபையே ஆமென் போட்டது. அப்புறம் செக்கப்புக்கு எப்படிப் போவது? தாம்பரத்தில் எந்த ரயிலில் ஏறினாலும் சபையார் ஒருவர் இருப்பார். ஹெர்னியாவுக்கு யாராவது மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி போவார்களா? ஒரு தரம் போனோம், அப்புறம் போகவில்லை. சர்ஜன் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் பாவம்தான்.

கொஞ்ச நாளாக அந்தப் பொய் தானாகவே வளர ஆரம்பித்திருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஹெர்னியா ஆபரேஷனை விவரிப்பார். வார்டில் இருந்த பச்சைத் திரை, கங்கம்மா என்கிற ஆயா, தையல் பிரித்த அன்று பெய்த மழை. அப்படி ஒரு ஆயாவே கிடையாது. நன்றாகத்தான் பூசி மெழுகுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். முந்தின வாரம் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, “கங்கம்மா இப்ப எப்படி இருக்காளோ, பாவம்” என்றார். கண்ணில் நிஜமான கவலை இருந்தது.

அன்று அவரைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் கேம்ப் ரோட்டில் இருந்த டாக்டர் எட்மண்டிடம் அழைத்துப்போனேன். அவரும் கொயரில் பாடுகிறவர். இவர் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். “ஒண்ணும் பயமில்ல தேவானந்தம் சார், குளிர்காத்து பட்டிருக்கும்” என்று சிரித்தார். அப்புறம் இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார்.

“நாலு.”

டாக்டர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. “முன்னாடி பெரிய வியாதி ஏதாவது வந்துதா சார்?”

“ஹெர்னியா ஆபரேஷன்தான். நீங்களே சர்ச்ல கேட்டீங்களே டாக்டர்.”

இப்போது சொல்லாவிட்டால் இவரை நானே கொன்றதாகிவிடும் என்று தோன்றியது. “ஹெர்னியா இல்ல டாக்டர். விதையில கேன்சர், ஒண்ண எடுத்துட்டாங்க. மூளைக்குப் போகலாம்னு அப்பவே சொன்னாங்க. நாங்கதான் மறைச்சுட்டோம்” என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். எட்மண்ட் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்.

இவர் கோபத்தில் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. முன்பின் தெரியாத பெண்ணைப் பார்க்கிற மரியாதையோடு என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியின் பக்கம் திரும்பினார்.

“யூனிஸ், யாரு இந்தம்மா? என்னென்னவோ சொல்றாங்க. நீயாவது டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லேன்.”

சற்று நேரம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிம்மதியாகப் பாதி முகத்தால் சிரித்து, அந்த நாற்காலியின் கைப்பிடிமேல் கையை வைத்து, கட்டை விரலால் மெல்லத் தடவிக்கொடுத்தார்.