ஆறு வில்லையில் ஒரு வளையம்

“பத்து மணி ஆகட்டும்டி. அதுக்கு முன்னாடி திறக்க மாட்டேன்.”

“அண்ணி, பதினோரு மணிக்கு உங்க தம்பிய ஆபரேஷன் மேசைல ஏத்திடுவாங்க! கன்னத்து எலும்பக் குடைஞ்சா ஒரு மாசம் ட்ரம்பெட் ஊத முடியாதாம். அடுத்த வாரம் சனிக்கிழமை போட்டி!”

விதோசவா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்துச் சூட்டுப்பெட்டிக்குள் ஒரு தட்டு. அதில் தம்பி மிலிவோயேயின் சைனஸ் சீழில் இருந்த கிருமி. நேற்று மாலை நான்கு மணிக்கு அதன்மேல் வெவ்வேறு மருந்தில் ஊறிய ஆறு காகித வில்லைகளை வைத்தவள் அவள்தான்; பதினெட்டு மணி நேரம் முடியாமல் திறக்கக் கூடாது. மருந்துக்குக் கிருமி அடங்கினால் வில்லையைச் சுற்றி வெற்று வளையம் விழும். அடங்காவிட்டால் வில்லையின் ஓரம்வரை வந்து ஒட்டிக்கொள்ளும்.

மொராவா ஆற்றங்கரையில் மிலிவோயே ட்ரம்பெட்டைத் தூக்கினால் கல்யாண வீட்டில் கிழவர்களும் எழுந்து ஆடுவார்கள். இப்போது மூன்று வாரமாய்க் குனிந்தாலே முகம் வெடிக்கிறது அவனுக்கு. முதலில் எடுத்த சீழில் ஒன்றுமே முளைக்கவில்லை. விசாரித்தால், அன்று காலை மனைவி ஸ்லவிட்சா பிஸ்கட் டப்பாவிலிருந்து மிச்ச மாத்திரை ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அந்த மருந்து பட்டதில் கிருமி தட்டில் முளைக்காமல் பதுங்கிவிட்டது.

“டாக்டர் முன்னாடி காய்ச்சலோட போய் நிக்கறதா அண்ணி? வீட்ல கவனிக்க ஆளில்லன்னு நெனைக்க மாட்டாங்களா?”

அந்த மானத்துக்கு நான்கு நாள் வீண்.

பத்தடித்தது. விதோசவா தட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். ஸ்லவிட்சா அவள் தோளில் தாடையை வைத்து எட்டிப் பார்த்தாள்.

“பென்சிலின்?”

“இல்ல.”

“அசித்ரோமைசின்? நம்ம டப்பாலயே நாலு அட்டை இருக்கே!”

“அதனாலதான் இல்ல. அரைகுறையா தின்னு தின்னு கிருமிக்குப் பழக்கிவிட்டுட்டீங்க.”

மூன்றாவது இல்லை. நான்காவது, ஐந்தாவதும் இல்லை. விதோசவா தட்டைத் திருப்பினாள். ஆறாவது வில்லையைச் சுற்றி, காம்பஸ் வைத்து வரைந்தாற்போல் ஒரு வளையம்!

“அளங்க அண்ணி, அளங்க!”

“கைய ஆட்டாதடி! இருபத்திரண்டு மில்லிமீட்டர். தாராளம்!”

மேலே ஆபரேஷன் அறையில் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. அறுபது வயது முழங்காலை மறந்து மூன்று மாடி ஓடினாள் விதோசவா. டாக்டர் நெனாதிச் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“நிறுத்துங்க டாக்டர்! ஆறு மருந்துல ஒண்ணு கேக்குது!”

அவர் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். “ஒண்ணு போதும்மா. பத்து நாள், நாளுக்கு ஒரு மாத்திரை. நாளை மறுநாளுக்குள்ள காய்ச்சல் இறங்கலன்னா மறுபடி இதே மேசைதான்.”

தள்ளுவண்டியிலிருந்து மிலிவோயே தலையைத் தூக்கினான். “அக்கா, கத்திக்கு லீவா?”

“பத்தையும் முழுங்குவியா?”

“நல்லாகற வரைக்கும் முழுங்கறேன்…”

“டேய்!”

“சரி, சரி, பத்து!”

பின்னாலேயே ஓடிவந்த ஸ்லவிட்சா கைப்பையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து விதோசவாவிடம் நீட்டினாள். “இத நீங்களே ஒழிச்சிடுங்க.” அட்டைகளின்மேல் துண்டுச்சீட்டுகள்: பல்லுக்கு, காதுக்கு, மாமனார் மிச்சம். ஒன்றில்: ‘மூக்கடைப்புக்கு, மூணு நாள் போதும்.’

“இது யார் எழுத்து அண்ணி?”

விதோசவாவுக்குக் காது சிவந்தது. “என்னோடதுதான். போன குளிர்காலத்துல குடுத்தேன். வாய மூடிக்கிட்டு டப்பாவக் குடு.”

மறுநாளே காய்ச்சல் இறங்கியது. ஐந்தாம் நாள் வலி போயிற்று. “இனி எதுக்கு?” என்று மிலிவோயே ஆரம்பித்தான், இரண்டு பெண்களும் சேர்ந்து அவன் வாயை அடைத்தார்கள்.

சனிக்கிழமை. மேடையில் அவர்கள் குழுவின் பெயரைக் கூப்பிட்டாயிற்று. படிக்கட்டில் தண்ணீர்க் குவளையோடு விதோசவா வழிமறித்து நின்றாள்.

“அக்கா, கூப்புடறாங்க! இறங்கி வந்து போட்டுக்கறேன்!”

“பத்தாவது. முழுங்கிட்டு ஏறு.”

முழுங்கினான். நாக்கை நீட்டிக் காட்டினான். இரண்டிரண்டு படியாய்த் தாவி ஏறி, ட்ரம்பெட்டை வானத்துக்குத் தூக்கி, முதல் மூச்சிலேயே உச்ச சுரத்தைப் பிடித்தான். கன்னம் உப்பியது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

“கேட்டீங்களா அண்ணி!” என்று ஸ்லவிட்சா கத்தினாள். விதோசவா அதற்குள் குவளையும் கையுமாக ஆடிக்கொண்டிருந்தாள்.