பொட்டு வைத்த பிளாப்பிகள்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ரோசம்மா ஆபீஸ் கதவைத் திறந்தபோது கம்ப்யூட்டர் புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. திரைக்குச் சாமந்தி மாலை, கீபோர்டுக்கு விபூதிப் பட்டை, பக்கத்தில் ஒரு தட்டு பொரிகடலை. அதுவரைக்கும் சரிதான். டைப்ரைட்டருக்கும் சைக்கிளுக்கும் வருஷா வருஷம் நடக்கிற மரியாதை இதற்கும் நடந்தால் யாருக்கு என்ன நஷ்டம். ஆனால் மேசைமேல் ஏழு பிளாப்பிகளும் உறையை விட்டு வெளியே வந்து வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஈரச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார்கள். ரோசம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசைக்கு ஓடினாள்.

அது 1989ஆம் வருஷம். நல்லம்பள்ளிப் பக்கம் இருந்த அந்தக் கரும்பு விவசாயிகள் சங்கத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் ரோசம்மாதான். எந்தக் காட்டில் யார் எப்போது கரும்பு நட்டார்கள் என்ற விவரம் மொத்தமும் அந்தப் பிளாப்பிகளில் இருந்தது. அதை வைத்து, நட்ட வரிசைப்படி யாருக்கு முதல் வெட்டு என்று மெஷினே சொல்லப்போகிறது. அதுவரை தலைவரின் மச்சான் கரும்புதான் முதலில் ஆலைக்குப் போகும். மற்றவர்கள் கரும்பு பூத்து, காய்ந்து, எடை குறைந்து நிற்கும். அன்று பகல் பதினொரு மணிக்கு வரிசையைப் படிப்பதாகத் தண்டோரா போட்டாயிற்று. சங்கத்து வாசலில் அப்போதே சைக்கிள்கள் சேர ஆரம்பித்திருந்தன.

விவரம் போய்விட்டது என்றால் எல்லாவற்றையும் மறுபடி அடிக்க இரண்டு மாதம் ஆகும். அதற்குள் மச்சான் கரும்பு சர்க்கரையாகவே ஆகிவிடும். ரோசம்மாவின் வேலையும் போகும். மெட்ராஸ் கம்பெனி ஒன்று பூட்டுப் போட்ட புரோகிராம் விற்கக் காத்துக்கொண்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கினவர்களே பார்க்க முடியாது.

ரோசம்மாவின் புரோகிராம் அப்படி இல்லை. விவரம் ஒரு பிளாப்பியில் அடங்காததால் ஐந்தில் பிரித்து வைத்து, ஐந்தையும் ஒரே பெரிய பெட்டி என்று கம்ப்யூட்டரை நம்பவைக்க அவளே அதை எழுதினாள். நகல் எடுத்து வைக்க இன்னொரு ஐந்து பிளாப்பி கேட்டாள், சங்கம் தரவில்லை. ஒன்றே ஒன்று கிடைத்தது. அதில் ஐந்தின் கூட்டுத்தொகையை எழுதி வைத்தாள். ஐந்தில் ஒன்று கெட்டால், கூட்டுத்தொகையில் மற்ற நான்கையும் கழித்துக் கெட்டுப்போனதைத் திரும்ப எடுத்துவிடலாம். எழுதியதைப் பூட்டி வைக்கவும் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் வரிக்கு வரி அச்சடித்துக் கொடுத்தாள். திருத்தினால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அவ்வளவுதான் நிபந்தனை.

சங்கச் செயலாளர் மாதேஸ்வரனுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. சங்கத்துச் சம்பளத்தில் எழுதியதை ஊருக்கெல்லாம் தானம் பண்ணுகிறாளே என்று கமிட்டியில் எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டார்.

"உறைமோர் குடுத்தா நம்ம வூட்டுத் தயிர் கொறஞ்சா போவுதுங்க சார்?" என்று அவளும் கேட்டுவிட்டாள்.

வாய்தான் அப்படிப் பேசியதே தவிர, பொம்மிடி சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் தீர்த்தகிரி அவள் புரோகிராமைத் திருத்தித் திருப்பி அனுப்பியபோது அவளுக்கே பற்றிக்கொண்டு வந்தது. முகம் பார்க்காத ஆள். இரண்டாவதாக ஒரு கூட்டுத்தொகையை, கணக்கை மாற்றிப் போட்டு, ஏழாவது பிளாப்பியில் வைத்திருந்தான். இரண்டு கெட்டாலும் மீட்கலாமாம். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. நம் பிள்ளைக்குத் தலை வாரத் தெரியாது என்று அடுத்த வீட்டுக்காரி சொன்ன மாதிரி இருந்தது. குற்றம் கண்டுபிடிக்க ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் சொந்தக் காசில் ஏழாவது பிளாப்பி வாங்கி, அவன் சொன்னபடியே எழுதி வைத்தாள். மனசுக்குள் மட்டும் அவனுக்குப் பெரிய கெட்டிக்காரன் என்று பட்டம் கொடுத்திருந்தாள்.

இப்போது அவள் ஒவ்வொரு பிளாப்பியாகக் கையில் எடுத்துப் பார்க்கையில் மாதேஸ்வரன் நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றார். நேற்று பூஜை செய்தது யார் என்று கேட்டாள்.

"நானேதாம்மா. அட்டெண்டர் கையில வுடுவனா? ஒண்ணொண்ணா வெளிய எடுத்து, என் கையாலயே வெச்சேன்."

அவர் முகத்தில் இருந்த பக்தியைப் பார்த்தால் திட்டவும் வாய் வரவில்லை. லேபிள் ஒட்டிய இடத்தை நெற்றி என்று நினைத்து அங்கேதான் பொட்டு வைத்திருக்கிறார். அப்படி ஐந்து பிழைத்தன. இரண்டு மட்டும் தலைகீழாகப் படுத்திருந்தன. மனிதர் அதைக் கவனிக்காமல், உள்ளே தட்டு தெரிகிற நீள ஓட்டையில் சந்தனத்தை அப்பிவிட்டார். அது காய்ந்து தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெஷினில் போட்டால் மெஷினும் சேர்ந்து போய்விடும்.

ரோசம்மா விஷயத்தைச் சொன்னாள். மாதேஸ்வரன் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

அவள் சிலுவை போட்டுக்கொண்டு, வீட்டுக்கு எடுத்துப்போயிருந்த புரோகிராம் பிளாப்பியைப் பையிலிருந்து எடுத்துப் போட்டாள். மெஷின் ஒவ்வொரு பிளாப்பியாகக் கேட்டது. துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள். இரண்டாவதைக் கேட்டபோது இல்லை என்று அடித்தாள். நான்காவதைக் கேட்டபோதும் இல்லை என்று அடித்தாள். அவளுடைய பழைய புரோகிராமாக இருந்தால் அந்த இடத்திலேயே கையை விரித்திருக்கும். இது ஆறாவதைக் கேட்டது. ஏழாவதையும் வாங்கிக்கொண்டது. பிறகு வெகுநேரம் எதுவும் கேட்காமல் கரகரத்துக்கொண்டே இருந்தது. ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே தலைகள் கூடின. செயலாளர் திரையில் கிடந்த மாலையிலிருந்து ஒரு சாமந்தியைப் பிய்த்து இதழ் இதழாக உதிர்த்துக்கொண்டிருந்தார்.

பிரிண்டர் கிறீச்சிட்டது. காகிதத்தில் முதல் பெயர் வந்தது: குள்ளம்மாள், அதியமான்கோட்டை, ஒரு ஏக்கர். தலைவரின் மச்சான் மூன்றாம் தாளில்தான் வந்தார்.

வாசலில் பெயர்களைப் படிக்கப் படிக்கச் சத்தம் கூரையைத் தூக்கியது. குள்ளம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, ரோசம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இத்தனை சந்தோஷத்தை ரோசம்மா சம்பளத்தில்கூடக் கண்டதில்லை.

கூட்டம் கலைந்ததும் முதல் வேலையாகப் பொம்மிடிக்கு டிரங்க் கால் போட்டாள். தீர்த்தகிரியிடம் நடந்ததை எல்லாம் சொன்னாள். தான் கோபப்பட்டதையும் மறைக்கவில்லை. அந்த இரண்டாவது கூட்டுத்தொகையைப் போடவேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டாள்.

தீர்த்தகிரி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"போன வருசம் எங்க ஆபீஸ்லயும் ஆயுத பூஜை கும்புட்டாங்க. ரெண்டு பிளாப்பி போயிருச்சு. எங்க பிரசிடென்ட் கையால வெச்ச பொட்டுங்க, அதை எழுத்துல எழுத முடியுங்களா?"

ரோசம்மா சிரித்த சிரிப்பில் ரிசீவர் கை நழுவியது. கண்ணில் நீர் வந்தும் அடங்கவில்லை. என்ன விஷயம் என்று மாதேஸ்வரன் விடாமல் கேட்கவே சொல்லிவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த பொரித்தட்டை மெல்ல ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"இந்தப் புரோகிராமை இன்னும் எந்தெந்தச் சங்கத்துக்கு அனுப்பலையோ அங்கெல்லாம் அனுப்பிரும்மா," என்றார். "மூணு கெட்டாலும் மீக்கறாப்பல யாராச்சும் ஒருத்தன் திருத்தி அனுப்ப மாட்டானா? பொங்கலுக்கு இந்த ஆபீசுக்கு வெள்ளையடிக்க ஆள் வேற சொல்லியிருக்கேன்."