எறும்பு இரண்டு தடவை பேசியது

வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். கார்ட்டூன் படம் செய்வது அவள் தொழில். சர்க்கரை டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட ஓர் எறும்பின் கதையை மாதக்கணக்கில் கணினியில் வரைந்து முடித்திருந்தாள். எறும்புக்குக் குரல் கொடுத்தது அண்ணி. பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. விசில் ஊதாமலே மைதானத்தை அடக்கிவிடுவாள்.

ஓட்டிப் பார்த்தபோது எறும்பு, "யாராவது மூடியைத் தொறங்க!" என்றது. கூடவே பின்னாலிருந்து இன்னொரு "தொறங்க!" வந்தது. டப்பாவுக்குள் கிடக்கிற எறும்பு, ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி முழங்கியது.

மென்பொருளில் எதிரொலி நீக்கும் வசதி இருந்தது. அதைத் தட்டினாள். எறும்புக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.

"அறைதான் காரணம், அண்ணி. சாமானே இல்லாத காலி அறை, சத்தம் சுவர்ல பட்டுத் திரும்புது."

"சரி, எங்க உட்காரணும் சொல்லு."

படுக்கையறையில் இருந்த துணி அலமாரிக்குள் உட்கார வைத்தாள். தலைக்கு மேல் கம்பளி, இரண்டு பக்கமும் அண்ணனின் சட்டைகள், மூக்குக்கு நேரே மைக். கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து வசனத்தில் இல்லாத வரி ஒன்று வெடித்தது.

"வேகுறேன்டி! மூடியைத் தொறங்கப்பா, மூச்சு முட்டுது!"

பழைய ஒலியை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாள். எதிரொலி இம்மியும் அசையவில்லை. ஒலியை மட்டும் தனியாகக் கேட்டாள், சுத்தமாக இருந்தது. அப்படியானால் கோளாறு படத்துக்குள்தான். திரையில் சுருக்கி மூடிவைத்திருந்த பட, ஒலி அடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதே ஒலி இரண்டு வரிசைகளில், ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சற்றே தள்ளி உட்கார்ந்திருந்தது. ஒன்றை மாற்றினால் மற்றதும் தானாக மாறிவிடும்.

"அண்ணி... உங்களை ரெண்டு தடவை வச்சிருக்கேன்."

"அப்போ நான் அலமாரியில வெந்தது?"

"வீண்தான்."

அண்ணி முறைத்தாள். பிறகு கம்பளியோடு தரையில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வாலு இரண்டாவது வரிசையை அழித்து ஓட்டினாள். எறும்புக்கு ஒரே குரல். அந்தக் குரலில் நிஜமாகவே மூச்சு முட்டியது. முதலில் பதிந்ததில் அந்தத் தவிப்பு இல்லவே இல்லை. வசனத்தில் இல்லாத வரியையும் சேர்த்தே வைத்துக்கொண்டாள்.

அண்ணியின் பள்ளியில் படம் ஓடியபோது, "வேகுறேன்டி!" வந்ததும் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டித் தீர்த்துவிட்டார்கள். "டீச்சர், இது நீங்கதானே!" என்று ஒருத்தி கத்தினாள். அண்ணிக்குப் பெருமை பிடிபடவில்லை.

"அடுத்த படத்துல எனக்கு யானை வேஷம் கொடுடி," என்று வாலுவின் காதில் சொன்னாள்.